நாலாயிரத்து அறுநூறு பிரதிகள்

அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் மெயில்கார அக்கா. இருபத்தெட்டு வயதில் யாருக்கு அக்கா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. அது ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். அறுநூறு பேருடைய மெயில்களும் வந்து தங்குகிற சர்வர், மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு குளிர் அறையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் மட்டும் அத்தனை பேருக்கும் அவள் எண் ஞாபகம் வந்துவிடும்.

அப்பா லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்குபவர். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அம்மா அக்கம்பக்கத்தில், "பொண்ணு தபாலாபீஸ் மாதிரி ஒண்ணுல இருக்கா" என்று சொல்லிவைத்திருந்தாள்.

"தபாலாபீஸ் இல்லம்மா. எத்தனை தடவை சொல்றது?"

"கடுதாசி வருதா, இல்லையா?"

"வருது."

"அப்புறம் என்னடி?"

அந்த மாதம் சர்வர் அவளைத் தூங்கவிடவில்லை. மெயில்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸ் நாளுக்கு ஒரு ஜி.பி. வளரும், அது வழக்கம். இப்போது தினமும் ஒன்பது வளர்ந்தது. சர்வரின் ஹார்ட் டிஸ்க் வட்டில் மிச்சமிருந்த இடத்தை ஒன்பதால் வகுத்துப் பார்த்தாள். இருபத்தோரு நாள். அதற்குப் பிறகு மொத்த நிறுவனத்துக்கும் மெயில் நின்றுபோகும்.

"என்னம்மா, உன் சர்வருக்கு யாரு இப்படித் தீனி போடுறது?" என்றார் ஐ.டி. மேனேஜர்.

"பாத்துட்டு இருக்கேன் சார்."

"பாத்துட்டே இருந்தா அது தின்னுட்டே இருக்கும். பழசை எல்லாம் அழிச்சுத் தள்ளேன்."

"விசாரணை நடக்குதே சார். எதையும் அழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?"

ஐந்து மாதத்துக்கு முன், இரண்டாவது கிடங்கில் சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்து ஒரு சுமைத் தொழிலாளி இறந்துபோனார். விசாரணை முடியும்வரை யாருடைய மெயிலும் அழியக் கூடாது என்று மேலிருந்து ஆணை. அன்றிலிருந்து ஒருவர் எதை அழித்தாலும் சரி, எதைத் திருத்தினாலும் சரி, பழையது கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியில் முழுசாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். யாராவது பெரிய படங்களை ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்களா? இல்லை. குப்பை மெயில் குவிகிறதா? இல்லை. தினசரி பேக்கப் தவறி, அதன் பதிவுகள் சேர்ந்துபோயினவா? அதுவும் இல்லை. வருகிற மெயிலும் போகிற மெயிலும் எப்போதும்போலத்தான் இருந்தன. ஆறு நாள் இதிலேயே ஓடிவிட்டது. ஏழாம் நாள்தான் அந்த மறைவான பெட்டிகளின் அளவை ஆள்வாரியாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். படித்தவர்கள் வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளே தோன்றியிருக்குமோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. எதில் சறுக்கினாலும் அந்த நினைப்பு அவளுக்கு வந்துவிடும்.

ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அளவு சாதாரணம். ஒருவருக்கு மட்டும் இருநூற்றுப் பதினான்கு ஜி.பி. கிடங்குகளின் பாதுகாப்பு மேற்பார்வையாளர்.

அவருக்கு நிறுவனத்தில் செக்லிஸ்ட் சார் என்று பெயர். தீயணைப்பு உருளையிலிருந்து ஏணியின் கடைசிப் படிவரை, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போடுகிற மனிதர். அவர் பெட்டிக்குள் இருந்தது ஒரே ஒரு காலண்டர் குறிப்பு. தலைப்பு: 'கிடங்கு 2, மாலை 4 மணி, லிஃப்ட் சோதனை'. விபத்துக்கு முந்தின நாளின் குறிப்பு. அதை அவர் திருத்தியிருந்தார். மறுபடி திருத்தியிருந்தார். மொத்தம் நாலாயிரத்து அறுநூறு பிரதிகளுக்கு மேல். நாலு வாரத்துக்கு முன் லிஃப்ட்டின் புகைப்படங்களையும் அதில் சேர்த்திருந்தார். அதன்பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் படங்களோடு முழுசாக ஒரு பிரதி விழுந்தது.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவளுக்கு உரிமை இல்லை. அவள் பார்க்கவும் இல்லை. மதியம் கிடங்கு அலுவலகத்துக்குப் போனாள்.

அவர் தகரத் தடுப்புக்குப் பின்னால், திரைக்கு மிக அருகில் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வரி தட்டினார், சேமித்தார். ஒரு சொல்லை எடுத்தார், சேமித்தார்.

"ஏன் சார், வரிக்கு வரி சேவ் பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரையை மறைத்தார். "ஒருதடவை கரண்ட் போய் பதினாலு பக்கம் போச்சும்மா. அதுலேர்ந்து கை தானா போகுது." பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன விஷயம்?"

சொன்னாள்.

"அழிச்சதெல்லாம் அழியலையா?"

"இல்ல சார்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"நீங்க அழிச்சிடுங்கம்மா. உங்களால முடியும்ல?"

"முடியும் சார். ஆனா கூடாது."

வெளியே ஒரு வண்டி பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றதும் அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"அப்படின்னா ஒண்ணு கேக்கலாமா? முதல்ல எழுதினது இருக்குமா? முதல் நாள் எழுதினது. மாத்தி மாத்தி எழுதி, நிஜமா என்ன நடந்ததுன்னு எனக்கே குழம்பிப் போச்சு. சில நாள் நான் அங்க போன மாதிரியே இருக்கு. கயிறைத் தொட்டுப் பாத்த மாதிரிகூட இருக்கு."

அவர் பெட்டி, அவரே கேட்கிறார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆகப் பழைய பிரதியைத் திறந்தாள். விபத்து நடந்த அன்று மாலை எழுதியது. நான்கே வரிகள்.

'நேற்று நான்கு மணிக்கு நான் போகவில்லை. கயிறு நைந்திருக்கிறது என்று திங்கட்கிழமையே கிடங்கு மேலாளரிடம் சொன்னேன். இந்தச் சரக்கு போகட்டும், பிறகு நிறுத்தலாம் என்றார். போகாமலே டிக் போட்டேன்.'

செக்லிஸ்ட் சார் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

"இதான்," என்றார். "இதான் நடந்தது. யாராவது கேட்டா இதைக் கொடுங்கம்மா. என்னால இனிமே இதை எழுத முடியாது."

அவள் தலையாட்டினாள். இனி அந்தக் குறிப்பைத் தொடமாட்டேன் என்று அவரும் சொன்னார். மறுநாளே வளர்ச்சி ஒரு ஜி.பி.க்கு இறங்கியது.

கோளாறு அறிக்கையில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட முடியாது. பொய்யும் எழுத முடியாது. ஒரே காலண்டர் குறிப்பின் நாலாயிரத்துச் சொச்சம் திருத்தங்கள் என்று இருந்ததை எழுதினாள். இரண்டு நாளில் ஐ.டி. மேனேஜர் கூப்பிட்டார்.

"அந்தக் காலண்டர் குறிப்பை நம்ம வக்கீல் கேக்கிறார். கடைசிப் பிரதியை மட்டும் எடுத்துக் கொடு."

"முதல் பிரதி வேற மாதிரி இருக்கு சார்."

"நீ படிச்சியா?"

அவள் கையிலிருந்த பேனாவின் மூடியைத் திருகினாள்.

"நாலாயிரத்தை உக்காந்து யாரு படிக்கிறது? கேட்டதைக் கொடு. கேக்காததைக் கொடுக்கிறது உன் வேலை இல்ல. நல்லா வந்துட்டிருக்கிற பொண்ணு நீ."

கடைசிப் பிரதியை எடுத்தாள். ஐந்து மாத பயத்தில் தேய்ந்து தேய்ந்து, அதில் திங்கட்கிழமை இல்லை, மேலாளர் இல்லை, சரக்கு இல்லை. 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று ஒரு வரியும், கீழே பதினொரு புகைப்படங்களும்தான். முதல் பிரதியையும் சேர்த்து அனுப்ப ஒரு கிளிக் போதும். வீட்டில் வேலைக்குப் போவது இரண்டே பேர், அதில் அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது என்று நினைத்தாள். நினைத்தது உண்மைதான். ஆனாலும் அதைச் சாக்காகத்தான் நினைக்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. கேட்டதை மட்டும் அனுப்பினாள்.

செக்லிஸ்ட் சாரை அந்த வாரமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். விசாரணையில் அவர் ஒருவர்தான் குற்றவாளி. படிக்கட்டில் எதிரே வந்தபோது நின்று, "அதைக் கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "கேட்டதைக் கொடுத்தேன் சார்," என்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரிம்மா, சரிம்மா," என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவரை அவள் பார்க்கவில்லை.

வீட்டில் அப்பா இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார். "லிஃப்ட் விழுந்து ஒருத்தர் போய்ட்டாராமே, உங்க கம்பெனியா?"

"ஆமாப்பா."

"யார் மேல தப்பாம்?"

"எனக்கு மெயில் வேலை மட்டும்தான்ப்பா."

"அதுவும் சரிதான்," என்றார் அவர்.

விசாரணை முடிந்ததும் ஆணையை விலக்கிக்கொண்டார்கள். இனி மறைவான பெட்டிகள் பதினான்கு நாளில் தாமாகவே காலியாகும். அவள் எதையும் அழிக்க வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். அந்தப் பதினான்கு நாளும் இறந்தவரின் மனைவியுடைய விலாசம் எழுதிய தாள் அவள் கைப்பையில் இருந்தது. ஏழாம் நாள் அந்தத் தெரு முனைவரை போய்த் திரும்பினாள். பதினைந்தாம் நாள் காலை பார்த்தபோது செக்லிஸ்ட் சாரின் பெட்டியில் பூஜ்யம் இருந்தது.

ஐ.டி. மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இருநூறு ஜி.பி. போயிடுச்சுன்னியே, வட்டுல இடம் கூடவே இல்லையே?"

"டேட்டாபேஸ் உள்ளதான் காலியாகும் சார். வெளிய அதோட அளவு குறையாது."

"எப்பவுமேவா?"

"சும்மா விட்டா எப்பவுமே."

"சரி, வளராம இருந்தா போதும்," என்று சொல்லிவிட்டு அவர் போனார். அன்றைய கணக்கைப் பதிவேட்டில் எழுத அவள் பேனாவைத் திறந்தாள். விலாசம் எழுதிய தாள் இன்னும் கைப்பையில்தான் இருந்தது.