தேசாந்திரிக்குப் பெண் கேட்டுப் பகாவ் போன கதை

மலாயாவில் பகாவ் பக்கம் பெண் கேட்டுப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். முப்பதுகளில் ரப்பர் விலை கொஞ்சம் தேறியிருந்த சமயம். தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ரந்தாவில் உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்து லாரி டிரைவர் சுப்பையாவுக்காக நான் போனேன். நான் அங்கே கிராணி, கணக்கு எழுதுகிறவன். சுப்பையாவுக்கு இந்த நாட்டில் சொந்தபந்தம் இல்லை. பேச்சில் கெட்டிக்காரன் என்று என்னை இழுத்துக்கொண்டான்.

காலை ஆறரைக்கு பஸ். சிரம்பானுக்குப் பத்து மைல், பதினைந்து காசு. அங்கிருந்து கோலா பிலா வழியாகப் பகாவுக்கு இன்னொரு பஸ், எழுபது காசு. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு என் குடல் வாய்க்கு வந்தது. சுப்பையாவோ ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டே வந்தான். அவனுக்கு மலை புதிதா என்ன? கல்கத்தாவிலிருந்து பர்மா, சயாம் வழியாக நடந்தும், கிடைத்த வண்டியில் தொற்றியும் மலாயா வந்தவன். கப்பல் ஏறவே இல்லை!

அந்தப் பெருமையை நான்தான் பெண் வீட்டில் அவிழ்த்துவிட்டேன். மாப்பிள்ளை தேசாந்திரம் வந்தவர் என்றதும் பெண்ணின் தாயார் காளியம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. கடன்பட்டோ கோபித்துக்கொண்டோ ஓடிப்போகிறவனைத்தானே ஊரில் அப்படிச் சொல்வோம்? நான் விடுவேனா? தேசம் என்றால் நாடு, அந்தரம் என்றால் வேறு, வடமொழியிலிருந்து வந்த சொல், வேற்று நாடு போவதுதான் பொருள், அதில் இழுக்கே இல்லை என்று விளக்கினேன். அப்படிப் பார்த்தால் தோட்டமே தேசாந்திரிகள்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

காளியம்மாள் மசியவில்லை. "பொருளு எனக்கு எதுக்குங்க கிராணி ஐயா? அத்தனை நாட்டைத் தாண்டுன காலு, நாளைக்கு எம்பொண்ண விட்டுட்டு நடக்காதா? போகமாட்டேன்னு சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

தட்டில் சூடம் எரிந்தது. சுப்பையா கையை நீட்டவில்லை. நான் தொடையில் கிள்ளியும் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தால் தனக்குக் கால் நிற்காது, பொய்ச் சத்தியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சம்பந்தம் போச்சு, அரிச்சந்திரனைக் கூட்டிவந்த என்னைச் சொல்லவேண்டும் என்று எழுந்தேன்.

அப்போது பெண் செல்லம்மா வாசற்படிக்கு வந்தாள். ரப்பர் பால்மரம் சீவுகிற பெண், குரலில் நடுக்கமே இல்லை.

"அம்மா, அவரு போகட்டும். போனா என்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்னு அடிக்கச் சொல்லு."

சுப்பையா அடித்த அடியில் சூடம் தட்டைவிட்டுப் பறந்தது. கை சுட்டதைக்கூட அவன் கவனிக்கவில்லை. காளியம்மாள் வெற்றிலைத் தட்டை எடுத்துவர, எழுந்த நான் மறுபடி உட்கார்ந்தேன்.

போகிறவர்களுக்கு: மலைப்பாதைக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி வேண்டாம், தோட்டத்துச் செம்மண் விடாது. கடைசி பஸ் நாலு மணிக்கு. பெரியவர்கள் பேசி முடித்தாலும் பெண்ணை ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் விடைபெறும்போது செல்லம்மா மாப்பிள்ளையிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பர்மாவுல ரொம்பக் குளிருமாங்க?"