ஒரு கை கம்பு

புயல் என்றால் மனிதர்கள் பயப்படுவார்கள் என்பதை நான் பள்ளிக்கூடப் பாடத்தில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் அப்படியொரு பழக்கம் இல்லை. எட்டயபுரத்துக்குக் கிழக்கே, மழையை மட்டும் நம்பிக் கிடக்கிற கரிசல் ஊர் அது. டிவியில் செய்தி வாசிக்கிறவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ஆரம்பித்தால் எங்கள் தெருவில் கல்யாணக் களை வந்துவிடும். புயலாக வலுப்பெறும் என்றும் சொல்லிவிட்டால் போதும், டீக்கடையில் பேசாத பங்காளிகள்கூடப் பேசிக்கொள்வார்கள்.

அந்த வருடம் ஐப்பசி முடியப்போகிறது, ஒரு பொட்டு மழை இல்லை. மண் ஈரம் காணும் முன்பே உழுத புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் பக்கத்து விவசாயம். அப்பாவும் அப்படித்தான் உளுந்தையும் மக்காச்சோளத்தையும் போட்டிருந்தார். வீட்டிலிருந்த விதை மொத்தமும் மண்ணுக்குள் இருந்தது. மழையே வராவிட்டால் எறும்பு கொஞ்சம் தின்னும், மீதி கிடக்கும். சும்மா ஒரு தூறல் விழுந்தால்தான் ஆபத்து. விதை ஊறி முளைவிட்டு, அடியில் ஈரமில்லாமல் கருகிப்போகும். அதனால் அப்பா சின்ன மழைக்கு ஆசைப்படவே இல்லை. வந்தால் விதைத்த காடு நிறைய வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டபடியே ஒரு புயல் கிளம்பியது. தூத்துக்குடிக்கு வடக்கே கரையைக் கடக்கும் என்றார்கள். அந்தக் கரையில்தான் அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, வாழ்க்கைப்பட்டிருந்தாள். சித்தப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். புயலுக்கு முந்தின நாள் சித்தி கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். சித்தப்பா வரவில்லை. உப்புக் குவியல்களைத் தார்ப்பாய் போட்டுக் கட்ட ஆள் வேண்டும் என்று முதலாளி நிறுத்திக்கொண்டாராம். எல்லாம் கட்டி முடித்ததும் முகாமுக்குப் போய்விடுவேன் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலையிலிருந்து அவர் போன் எடுக்கவில்லை. சித்தி சாப்பிடவும் இல்லை, குழந்தையைக் கீழே விடவும் இல்லை. போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

அன்றைக்குத்தான் ஊரில் மழைக்கஞ்சி. புயல் கிளம்புவதற்கு முன்பே நாள் குறித்தாகிவிட்டது. பெண்களும் பிள்ளைகளும் பானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஒரு கை கம்போ சோளமோ வாங்கி, ஊர் மந்தையில் உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு ஒப்பாரி வைப்பார்கள். ஊரே பிச்சையெடுத்துக் குடிப்பதைப் பார்த்தால் வானத்துக்கு மனம் இரங்கும் என்று நம்பிக்கை. ஆனால் எல்லா வீட்டுக் கையும் விழ வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் பலிக்காது. புயல்தான் தானாக வருகிறதே, கஞ்சி எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, வருகிற விருந்தாளியை வாசலில் நின்று வாங்க என்று சொல்ல வேண்டாமா என்று மேலத்தெருப் பெரியம்மா கேட்டுவிட்டாள். அவள்தான் கஞ்சிப் பானைக்குத் தலைவி. அவள் சொன்னால் சொன்னதுதான்.

முதல் கை எப்போதும் எங்கள் வீட்டுக் கை. அப்பாவுக்கு ராசிக் கை என்று ஊரில் பெயர். அதனால் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தட்டைத் தட்டிக்கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் நடந்து, எங்கள் வாசலில் போய் நின்று, மழைக்கஞ்சி போடுங்க என்று மற்றவர்களைவிட உரக்கக் கத்தினேன். அப்பா வெளியே வந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"மதினி, இந்தத் தடவ எங்க வீட்டுல போடல. அடுத்த வீட்டுக்குப் போங்க."

பெரியம்மா சிரித்தாள். "என்ன தம்பி, வெளாடுதீரா? மொதக் கையே ஒங்க கைதான?"

"வீட்டுல ஆள் வந்திருக்காவ. நீங்க போங்க மதினி."

பெரியம்மா எட்டி உள்ளே பார்த்தாள். கதவுக்குப் பின்னால் சித்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ஆள் வந்ததற்கும் ஒரு கை கம்புக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியம்மா கேட்டாள். அப்பா வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். அம்மா பின்னாலிருந்து, போட்டுவிடுங்கள், ஊரில் பேசுவார்கள் என்று முணுமுணுத்தாள். அவர் அதற்கும் அசையவில்லை. பானை அடுத்த வீட்டுக்குப் போயிற்று. நான் தட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் பின்னால் போனேன். எந்தப் பிள்ளையும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மானம் போகிறது என்று பெரியவர்கள் சொல்வது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மந்தையில் கஞ்சி ஊற்றும்போது பெரியம்மாவே என்னைக் கூப்பிட்டு ஊற்றினாள். எனக்கு இறங்கவில்லை. யாரும் பார்க்காதபோது பக்கத்தில் நின்ற ஆட்டுக்கு வைத்துவிட்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது டிவியில் அதே ஆள்தான் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. கரையைக் கடக்கும் முன்பே புயல் வலுவிழந்துவிட்டதாம். கடலோர மக்கள் நிம்மதிப் பெருமூச்சு என்று கீழே எழுத்து ஓடியது. முகாமிலிருந்து பாய் தலையணையோடு ஜனங்கள் சிரித்தபடி வீடு திரும்புவதைக் காட்டினார்கள். சித்தி திரையில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆம்பளையாகப் பார்த்தாள். அதற்குள் போன் அடித்துவிட்டது. சித்தப்பாதான். போனில் சார்ஜ் இல்லையாம், அவ்வளவுதான். சித்தி அவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசிக்கிறது என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள்.

அப்போது ஓட்டின் மேல் சடசடவென்று சத்தம் கேட்டது. நான் மழை என்று கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அப்பாவும் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். உள்ளங்கை நிறையும் முன்பே நின்றுவிட்டது. மேல்மண் மட்டும் நனைந்து மணந்தது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சித்தி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டாள். அவளும் கரிசலில் பிறந்தவள், அந்தத் தூறலின் அர்த்தம் அவளுக்குத் தெரியாதா?

"அத்தான், ஒங்க வெத..." என்று ஆரம்பித்தாள்.

"சகலை சொகமா இருக்காரில்ல? நீ சாப்பிடு தாயி" என்றார் அப்பா.

வானிலை நிலையம் காற்று திசைமாறியது என்று ஏதோ காரணம் சொன்னது. எங்கள் ஊருக்கு அந்தக் காரணம் தேவைப்படவில்லை. ஒத்த வீடு போடவில்லை, அதனால் வந்த மழை திரும்பிப்போய்விட்டது. குழாயடியில் அம்மா போனால் பேச்சு நின்றது. டீக்கடையில் அப்பாவைப் பார்த்து, புயலையே தடுத்து நிறுத்தின ஆளுக்கு இடம் விடுங்கப்பா என்றார்களாம். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அந்தச் சிரிப்பை நினைத்தாலே உடம்பு கூசியது. அவர் மகள் என்று சொல்லிக்கொள்ள அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பெரியம்மா வீட்டு வழியை விட்டுவிட்டு ஓடையைச் சுற்றிப் போனேன்.

சித்தி ஊருக்குப் போன பிறகு ஒருநாள் அப்பா என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். குனிந்து விரலால் புழுதியைக் கிளறினார். வெள்ளையாக முளைத்து, நுனி கருகிப்போன உளுந்து வந்தது. இன்னொரு இடத்தில் கிளறினார். அங்கும் அப்படித்தான். அதற்குமேல் கிளறவில்லை. அடக்கிவைத்திருந்ததெல்லாம் எனக்கு அப்போது அழுகையாக வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் போட்டார்களே, நீங்கள் மட்டும் ஏன் போடவில்லை, மழைக்கஞ்சியெல்லாம் சும்மா பொய்யா என்று கேட்டேன்.

அப்பா கையிலிருந்த விதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏட்டி, பொய்யின்னா ஒரு கை என்ன, பானை நெறையல்லா போட்டுருப்பேன்."

கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். கோபத்தில் அவர் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கள் அப்பாவுக்கு மழைக்கஞ்சியிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அதனால்தான் போடவில்லை என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவமானம் கொஞ்சம் குறைந்தது. அந்த ஒரு கை கம்பு கடலிலிருந்து புயலை இழுத்துவந்துவிடும் என்று ஊரிலேயே முழுசாக நம்பியவர் அவர்தான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.