கிளாராவின் கல்லில் நான் போட்ட எட்டு

போன மாதம் ஒரு நாள் காலையில் சிகாமணி அண்ணனிடமிருந்து போன். அவருக்கு விக்கிரமங்கலம் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். அங்குள்ள பழைய சர்ச்சுக் கதவைத் திறப்பது, பெருக்குவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான்.

"ராசு, உடனே கெளம்பி வா. உன் எழுத்தப் பாக்க ஜெர்மனியிலேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க!"

என் எழுத்தையா? நான் பெரம்பலூரில் போர்டு எழுதுகிற பெயிண்டர். கடை போர்டு, லாரி நம்பர், பள்ளிக்கூடச் சுவர்... இதையெல்லாம் உள்ளூர்க்காரர்களே நின்று பார்ப்பதில்லை. துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டு அரியலூர் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒரு சின்னப் பெருமை.

அது கல்லறைத் தோட்டத்து கேட் வரைக்கும்தான்.

உள்ளே ஒரு சின்னக் கல்லறைக்கு எதிரில், வெறும் தரையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் இங்கிரிட். அறுபதைத் தாண்டியவர். பக்கத்தில் ஜெயசீலி டீச்சர். அந்த ஊர்ப் பள்ளியில் இங்கிலீஷ் எடுப்பவர். நாங்கள் பேசுவதை இங்கிரிட்டுக்கும் அவர் பேசுவதை எங்களுக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கிரிட் கையில் ஒரு போட்டோ. அதே கல்லறைதான். வெள்ளையடித்த கல்லில் பளிச்சென்று கறுப்பு எழுத்து – என் எழுத்து.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார்.

நூறு வருஷத்துக்கும் முன்னால் இங்கே மிஷன் பள்ளிக்கூடம் நடத்த ஒரு ஜெர்மன்காரர் மனைவியோடு வந்தார். அவர்களுக்கு ஒரு மகன், பிறகு ஒரு மகள். மகள் கிளாரா ஏழு மாதத்தில் இறந்துபோனாள். பிறந்ததும் இறந்ததும் ஒரே வருஷம் என்பதால் கல்லில் ஒரே ஒரு வருஷம்தான் இருக்கிறது. அந்தத் தகப்பனாரும் இங்கேயே காய்ச்சலில் இறந்தார். மனைவி இன்னும் சில வருஷம் பள்ளியை நடத்திவிட்டு, மகனோடு ஊர் திரும்பினார். இங்கிரிட் அந்த மகன் வழியில் வந்தவர்.

இதில் என்ன சிக்கல்? கல்லில் உள்ள வருஷத்தின் கடைசி எண் எட்டு. தகப்பனார் இறந்ததோ அதற்கு மூன்று வருஷம் முன்னால்.

அப்படியானால் கிளாரா யாருடைய குழந்தை?

இங்கிரிட்டின் அண்ணன், குடும்ப வரலாற்றைத் தேடித் தொகுப்பவர், வம்சப் படத்தில் கிளாராவின் அப்பா பெயர் இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து அவர்களுடைய அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். தொண்ணூறு வயசைத் தாண்டியவர். "எங்க குடும்பத்துல ஒரு பொம்பளைய இப்படி நிக்க வைக்கலாமா? நீ போய் அந்தக் கல்லக் கையால தொட்டுப் பாத்துட்டு வா" என்று மகளை அனுப்பியிருக்கிறார்.

அந்த எட்டு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், கல்லறைத் திருநாளுக்கு எழுத்துப் போடப் போயிருந்தேன். அன்றைக்கு அவரவர் சொந்தக்காரர் கல்லறைக்கு வெள்ளையடித்து, எழுத்துக்குக் கறுப்பு ஏற்றி, பூ வைத்து மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். கேட்பாரில்லாத கல்லறை ஒன்றிரண்டு இருக்குமில்லையா? எல்லாம் முடிந்ததும் மிச்சப் பெயிண்டில் அதையும் செய்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். சுற்றிலும் பளிச்சென்று இருக்கும்போது ஒன்று மட்டும் மூளியாகக் கிடந்தால் பார்க்கச் சகிக்காது.

அப்படித்தான் கிளாரா கல்லுக்கும் செய்தேன். கடைசி எண் தேய்ந்திருந்தது. பாதி எண்ணை விட்டுவிட்டு வர எந்த பெயிண்டருக்குக் கை வரும்?

"எல்லாம் நம்ம ராசு எழுதுனதுதாங்க, தப்பே வராது" என்று இப்போது சிகாமணி அண்ணன் இங்கிரிட்டிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "கல்லுல இருந்தத அப்படியே எழுதுனீங்களான்னு கேக்குறாங்கண்ணே."

அண்ணன் என் காதோரம் வந்தார். "ஆமான்னு சொல்லிட்டுப் போப்பா. ஊரு மானம்."

நாலு பேர் முன்னால் பெயரைக் கேட்டாலே தலை குனிகிற ஆள் நான். ஆமாம் என்பது எவ்வளவு சின்ன வார்த்தை! ஆனால் அந்தத் தொண்ணூறு வயசு அம்மா...

"இல்ல டீச்சர். வலது பக்க வளைவு மட்டுந்தான் தெரிஞ்சுது. எட்டுன்னு நானா முடிச்சுட்டேன்."

டீச்சர் கொஞ்சம் தயங்கி, பிறகு மாற்றிச் சொன்னார். நான் இங்கிரிட் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டு விழவில்லை. அவர் நோட்டை எடுத்தார். எந்த வருஷம் எழுதினீர்கள்? மற்ற எண்கள் தெளிவாக இருந்தனவா? உங்கள் பெயர்? கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு நான் எப்போதும் பையில் கிடக்கும், பெயிண்டைக் கரைக்கிற தின்னரையும் துணியையும் எடுத்தேன். மெதுவாக, கல்லுக்கு வலிக்குமோ என்பது போலத் துடைத்தேன். எட்டு போயிற்று. டீச்சரின் கைக்கண்ணாடியை வாங்கி, வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிக் கல்லில் அடித்தேன். அப்படி அடித்தால்தான் மங்கிய செதுக்கல் நிழல் விட்டுத் தெரியும். வலது பக்கம் இரண்டு வளைவு. இடது பக்கம் வழவழவென்று ஒன்றுமில்லை.

"மூணுதான்! சந்தேகமே இல்ல, கறுப்ப ஏத்து!" என்று அண்ணன் குதித்தார்.

இங்கிரிட் தலையாட்டி மறுத்தார். "இடது பக்கம் தேஞ்சும் போயிருக்கலாம். ஒரு தடவ ஊகம் பண்ணியாச்சு, இன்னொரு தடவ வேணாங்கிறாங்க" என்றார் டீச்சர்.

சர்ச் பீரோவில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது. ஓரமெல்லாம் கரையான் தின்றது. அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்தை இங்கிரிட் விரல் வைத்து வாசித்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. கிளாரா! வருஷத்தின் கடைசி எண் மூன்று. அப்போதும் அவர் சந்தோஷப்படவில்லை. முந்தின பெயர், பிந்தின பெயர், தேதிகள் வரிசையாக வருகின்றனவா என்று பார்த்தார். வந்தன. கடைசியாகக் கீழே பார்த்தார்.

தகப்பனாரின் கையெழுத்து.

இறந்துபோனவர் எழுந்து வந்து கையெழுத்துப் போட முடியுமா? இங்கிரிட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

அப்புறம்தான் சொன்னார். இணையத்தில் மூன்று இடத்தில் எட்டு என்றே இருந்ததால் அண்ணன் நம்பிவிட்டாராம். மூன்றும் ஒரே போட்டோவைப் பார்த்து எழுதியவை. அந்த போட்டோ பார்த்ததோ என் பிரஷ்ஷை.

நாமும் அப்படித்தானே? நாலு பேர் சொன்னால் நம்பிவிடுகிறோம். அந்த நாலு பேருக்கும் யார் சொன்னது என்று கேட்கிறோமா?

கிளம்புவதற்கு முன் இங்கிரிட் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். நடந்ததை என் கையாலேயே எழுதித் தர வேண்டுமாம். பதிவேட்டு போட்டோவோடு சேர்த்து வைக்க. அஞ்சாவது வரைக்கும் படித்தவன். ஊரெல்லாம் எழுதிய கைதான், அன்றைக்கு அடித்து அடித்து எழுதினேன். 'அந்த எண் எனக்குத் தெரியவில்லை, நானாகப் போட்டேன்' என்ற ஒரு வரிக்குத்தான் ரொம்ப நேரம் ஆனது. கீழே டீச்சர் அதையே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்.

நேற்று டீச்சர் போன் பண்ணினார். வம்சப் படத்திலிருந்து கேள்விக்குறி போய்விட்டதாம். கிளாராவுக்கு மேலே அவள் அப்பாவின் பெயர் ஏறிவிட்டது. தொண்ணூறு வயசு அம்மா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

"கீழ ஆதாரம்னு ரெண்டு போட்டுருக்காங்கண்ணே. ஒண்ணு பதிவேடு. இன்னொண்ணு நீங்க எழுதுன தாளு."

ஒரு தாய்க்கு மானத்தையும் ஒரு குழந்தைக்கு அப்பாவையும் திருப்பிக் கொடுக்க, 'எனக்குத் தெரியவில்லை' என்ற ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கிறது – அதைச் சொல்லத்தான் எனக்குப் பதினெட்டு வருஷம் ஆனது.