அசையாது என்று போட்ட கணக்கு

அம்மாவின் செத்தவீட்டை நேரலையில் காட்ட வத்தளையிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரரைப் பிடித்திருப்பதாக அண்ணன் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். பதினான்கு வருடமாக அதே வேலை. வெள்ளவத்தை ஃபிளாட்டில் உட்கார்ந்து நான் என்னதான் செய்கிறேன் என்று அண்ணன் ஒரு நாளும் கேட்டதில்லை. யாராவது விசாரித்தால் "ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவார்.

"வெளி ஆள் எதுக்கு? நான் செய்யிறன்" என்றேன்.

"நீ மகனா வந்து நில். அது காணும்."

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அம்மா கடைசி ஆறு வருடமும் கொட்டாஞ்சேனையில் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். குளிப்பாட்டியது, ஊட்டியது, படுக்கை மாற்றியது எல்லாம் அண்ணி. நான் மாதத்தில் ஒரு ஞாயிறு திராட்சைப் பழத்தோடு போவேன். ஒரு மணித்தியாலம் இருப்பேன். ட்ராபிக்கைச் சாட்டிக் கிளம்பிவிடுவேன். இந்த ஒரு காரியமாவது நான் இல்லாமல் நடக்காது என்று காட்ட வேண்டும் போல இருந்தது. ஸ்டூடியோக்காரருக்கு நானே போன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பார்க்க வேண்டியவள் அக்கா. கனடாவில் அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. இங்கே வந்தால் திரும்பப் போக முடியாது. அம்மாவை நேரில் கண்டு பதினொரு வருடம். பெட்டி மூடுவதற்கு முதல் முகத்தை ஒருக்காப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று அழுதாள். "பக்கத்தில நிண்டு பார்க்கிற மாதிரிக் காட்டுறன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

என் தொழிலில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. வீடியோ என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் படங்கள். ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்பினால் எந்த இணைப்பும் தாங்காது. ஆகவே படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டமும் முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று தேடுகிறோம். கோயில் வாசலில் செருப்புத் தேடுவது போலத்தான். விட்ட இடத்தில் முதலில் பார்ப்போம், பிறகு அதைச் சுற்றிப் பார்ப்போம். அங்கிருந்து பெரிய தெருவான காலி வீதி வரை போய்த் தேடமாட்டோம். கண்டுபிடித்துவிட்டால் கட்டத்தை அனுப்பத் தேவையில்லை. எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதையும் மிச்சமிருக்கும் சிறு வித்தியாசத்தையும் அனுப்பினால் போதும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தக் கட்டத்தைப் புதிதாக வரைய வேண்டும். அதற்கு நிறைய டேட்டா வேண்டும். டேட்டா இல்லையென்றால் அந்த இடம் அப்பிவிட்ட சுண்ணாம்பு மாதிரித்தான் தெரியும்.

அம்மாவைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலையில் இணைப்பு படுமோசம். என் பழைய லாப்டொப்புக்கு மூச்சு வாங்கியது. தேடும் தூரத்தை மிகக் குறைத்தேன். இடையிடையே ஒரு முழுப்படம் அனுப்பும் இடைவெளியை நீட்டினேன். டேட்டாவை அடிமட்டத்துக்கு இறக்கினேன். பெட்டிக்குள் படுத்திருப்பவர் அசையப் போவதில்லை, கமரா ஸ்டாண்டில் நிற்கிறது, இதில் என்ன அசையப் போகிறது என்று நினைத்தேன். சைவச் செத்தவீடு எத்தனை பார்த்தவன், அப்படி நினைத்தேன். எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

காலையில் ஒரு மணித்தியாலம் படம் கண்ணாடி போல இருந்தது. "அம்மாவின்ர நெத்தித் தழும்பு கூடத் தெரியுது" என்று அக்கா மெசேஜ் போட்டாள். அண்ணனின் முகத்துக்கு நேரே போனை நீட்டிக் காட்டினேன். அவர் பார்க்காமலே போனார்.

பிறகு ஐயர் வந்தார். சாம்பிராணிப் புகை எழும்பியது. புகைக்கு ஒரு கட்டமும் முந்தைய படத்தில் கிடையாது. உரலில் மஞ்சள் போட்டுப் பொற்சுண்ணம் இடித்தார்கள். பெண்கள் பெட்டியைச் சுற்றி வந்து வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள், கூடவே பூவும் தூவினார்கள். விழும் ஒவ்வொரு இதழும் புதுக் கணக்கு. ஒருவர் குனிந்து நிமிரும்போதெல்லாம் மறைந்து வெளிப்படும் முகத்தையும் திரும்ப வரைய வேண்டும். திரையில் அம்மாவின் கண் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் நாலு கட்டங்கள் நின்றன. வாய் இல்லை.

"தம்பி, முகம் போட்டுது. ஒண்டும் தெரியேல்ல. பெட்டி மூடப் போயினமா?" என்று அக்காவின் மெசேஜ் வந்தது.

இணைப்பை நிறுத்தி அமைப்பை மாற்ற நேரமில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. குற்றம் என் கணக்கில் இருந்தது. நான் கத்தியது ஆட்களைப் பார்த்து.

"பூ போடாதைங்கோ! போதும்! கமராவை மறைக்காம விலத்துங்கோ!"

மாமி ஒருவர் கையை அந்தரத்தில் வைத்தபடி என்னைப் பார்த்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். வரிசை கலைந்து எல்லோரும் பின்வாங்கியபோது அண்ணி மட்டும் தட்டத்திலிருந்து இன்னொரு பிடி அரிசி அள்ளிக்கொண்டு பெட்டிக்குக் கிட்ட வந்தார். சற்று முன்தான் போட்டவர் அவர். எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"அண்ணி, ஒருத்தர் ஒருக்காப் போட்டாக் காணும்! எத்தினை தரம் வருவியள்?"

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணன் என் சேர்ட்டைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார். "உன்ர சேர்க்கஸை நிப்பாட்டு. செத்துக் கிடக்கிறது அம்மா." நானும் அவரைத் தள்ளினேன். சொந்தக்காரர்கள் இருவர் இடையில் புகுந்து பிரித்தார்கள். நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். பெட்டியை மூடிவிட்டார்கள். முகம் கடைசி வரை தெளியவில்லை.

கனத்தை மயானத்தில் எரித்துவிட்டு வந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். ஆனால் வாயில் வந்ததெல்லாம் இணைப்பு, புகை, தேடும் தூரம், அண்ணன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படம் போனது போகட்டும்," என்றாள். "அண்ணி ரெண்டாந்தரம் வந்தது எனக்காக. என்ர பேரில ஒரு பிடி வாய்க்கரிசி போடச் சொல்லி நான்தான் கேட்டனான். படம்தான் வரேல்ல. நீ அவவுக்குச் சொன்னது எல்லாம் வடிவாக் கேட்டுது."

அண்ணி அந்த அரிசியைத் திரும்பத் தட்டத்திலேயே போட்டுவிட்டு விலகிப் போனதை நான் கண்டிருந்தேன். இனிப் படம் கொஞ்சம் தெளியும் என்று அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.