தேதி தேடிப் போனவர்

ஸ்காபரோவில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் வாசற் காவலாளி அவர். ஐம்பது வயதிருக்கும், தலை முழுவதும் நரைத்திருந்தது. கூண்டுக்குள் இருந்து எந்நேரமும் அரபுப் பாட்டு முணுமுணுப்பார்.

"யூதன் எண்டு சொல்லுறார், பாட்டெல்லாம் அரபு. உவர் எந்தப் பக்கம் எண்டு ஒருக்காக் கேளுங்கோ அண்ணை" என்றான் என்னோடு வேலை செய்த பருத்தித்துறைக்காரன். கேட்டேன்.

"இரண்டு பக்கமும்தான். பிறந்தது கெய்ரோவில்" என்றார்.

ஐம்பத்தாறாம் ஆண்டு, எகிப்து யூதர்களை வெளியேற்றியதில் குடும்பம் கெய்ரோவை விட்டு வந்தபோது, கடையை விற்றுவிட்டு வருவதாகச் சொல்லித் தகப்பன் அங்கேயே நின்றாராம். அடுத்த வருடம் அவர் இறந்துபோனதாகத் தாய் சொன்னார். தேதி தெரியாததால் இவர் ஒரு நாளை உத்தேசமாக வைத்து, யூத வழக்கப்படி வருடந்தோறும் தகப்பனுக்கு நினைவு விளக்கேற்றினார். எண்பத்தாறாம் ஆண்டு, சரியான தேதியை அறியக் கெய்ரோவுக்குப் போனார்.

திரும்பி வந்தவர் பாடவில்லை.

"அம்மா சொன்ன தெரு இருந்தது, வீடும் இருந்தது. மயானப் பதிவேட்டில் அவர் பெயர் மட்டும் இல்லை."

ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். தகப்பனின் திதி தெரியாதவர்களுக்கு எங்களிடம் ஆடி அமாவாசை இருக்கிறது என்றேன்.

"எங்களுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. ஆனால் அது இறந்தவர்களுக்கு. அப்பா வர மறுத்ததைத்தான், இறந்துவிட்டார் என்று அம்மா சொன்னாரா? கேட்க அம்மாவும் இல்லை. முப்பது வருடமாக உயிரோடு இருந்தவருக்கா விளக்கேற்றினேன்?"

 அந்த ஆடி அமாவாசைக்கு என் தகப்பனை நினைத்து விரதமிருந்தபோது, காவலாளியின் தகப்பனையும் சேர்த்துக்கொள்வோமா என்று யோசித்தேன். சேர்க்கவில்லை.