சரோஜா அக்கா அளந்த கழிவு

போன வாரம் ஒரு நாள் காலை ஆய்வகத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சரோஜா அக்காவின் மகள் கோலா கங்சாரிலிருந்து அழைத்தார். "அம்மா போய்ட்டாங்க அங்கிள்," என்றார். எப்போது, எப்படி, யார் பார்த்தார்கள் என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். முதல் பதிலை அப்படியே ஏற்காத பழக்கம் அக்காவிடமிருந்து எனக்குத் தொற்றியது.

ஈப்போவில் அவரோடு திசு ஆய்வகத்தில் வேலை செய்த எங்கள் எல்லாரையும் அவர் ஒரு தடவையாவது சந்தேகப்பட்டிருப்பார். நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். ஸ்டோர் என் பொறுப்பு. சிலைடில் ஒட்டிய மெழுகைக் கரைக்க அவர் கேட்டு வாங்கும் சைலீன் திடீரென்று பாதியாகக் குறைந்தது. வேலையில் எதையோ விட்டுவிடுகிறார் என்று நினைத்து, ஒரு மத்தியானம் கதவோரம் நின்று பார்த்தேன். சிலைடுகளை ஒன்றன்பின் ஒன்றாக முக்கியெடுக்கும் சைலீன் ஜாடிகள் வரிசையாக இருக்கும்; அழுக்கானதும் நாங்கள் எல்லா ஜாடியையும் கொட்டுவோம். அவர் அதிகம் அழுக்கான முதல் ஜாடியை மட்டும் கழிவுக் கேனில் ஊற்றினார். மற்றவற்றை ஓரிடம் முன்னே நகர்த்தி, கடைசியில் புதியதை வைத்தார்.

"ஏன் ஒளிஞ்சி பாக்குற தம்பி? கேட்டா சொல்ல மாட்டேனா?" என்றார், திரும்பாமலே. நான் உள்ளே போய் அவருடைய சிலைடுகளை எடுத்துப் பார்த்தேன். தெளிவாகவே இருந்தன.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய அம்மா புல்லைக் கொல்ல மருந்தடித்தவர். "ஒன்னும் ஆகாதுன்னு வேலைய மேற்பார்க்குற மண்டோர் சொன்னாரு. காலி மருந்து டிரம்முல தண்ணி புடிச்சி வெச்சோம். அம்மாவுக்குக் கைத்தோலு உரிஞ்ச பெறவுதான் யோசிச்சோம்," என்று ஒருமுறை சொன்னார். அதனாலோ என்னவோ, கழிவு லாரி வரும்வரை ஒவ்வொரு கேனிலும் கோடு போட்டு அளவு பார்ப்பார்.

ஒரு வாரம், திசு கெடாமல் ஊறவைக்கும் பார்மலினின் கழிவுக் கேனில் அளவு ஏறவில்லை. கழிவுப் படிவம் எழுதச் சோம்பல்பட்டு, பழைய பார்மலினை நான்தான் சிங்க்கில் கொட்டியிருந்தேன்.

"சிங்க்ல ஊத்துனியா?"

"இல்லக்கா."

அக்கா கேனில் போட்டிருந்த கோட்டை இன்னொரு தடவை பார்த்தார். "சரி லா. நாளையிலேர்ந்து நாம ரெண்டு பேரும் சேர்ந்து அளப்போம்."

நம்பிவிட்டார் என்றே இத்தனை வருடம் இருந்தேன். சாவு வீட்டில் மகளிடம் உண்மையைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "அம்மாவுக்குத் தெரியும் அங்கிள். அதுக்கப்புறம் நீங்க ஊத்தலன்னும் தெரியும். ரிட்டையர் ஆவுற வரைக்கும், நீங்க போன பெறவு தனியா இன்னொரு தடவை அளப்பாங்களாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. என் சொல்லை நம்பாமலே, யாரிடமும் காட்டிக்கொடுக்காமல், என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்தி வேலை செய்ய வைத்திருக்கிறார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த அவநம்பிக்கையைத்தான். திங்கட்கிழமை ஆய்வகத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, நான் ஊற்றியதைச் சொன்னேன். இனி நான் அளப்பதையும் வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்றேன்.