கடிகாரத்தின் மனைவி

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் எடிட்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். டிரம் பேடில் அடிக்கும் ஒவ்வொரு அடியும் கணினித் திரையில் குட்டிக் கட்டையாக வந்து விழும். மிடி என்பது அதுதான். தாளக் கோட்டைவிட்டு விலகிய கட்டைகளை மவுஸால் இழுத்து, வால்தனம் பண்ணும் பிள்ளைகளைக் காதைத் திருகி பெஞ்சில் உட்கார வைப்பதுபோல, கோட்டில் உட்கார வைப்பது அவள் வேலை.

பேடில் அடித்தவர் அவள் புருஷன். தாளம் அத்தனை சுத்தம் என்று தொழிலில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். நிஜத்தில் மனிதர் அவசரக்குடுக்கை. கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று தன் கையெழுத்தைப் போட்ட வேகத்தில் அவள் இடத்திலும் போட்டுவிட்டவர். பாட்டிலும் அதே கதைதான். புதுப்பெண்ணாக இருந்தபோது பிரியத்தில் திருத்த ஆரம்பித்தவள், அப்புறம் பழக்கத்தில் திருத்தினாள். அவரிடம் மூச்சு விடவில்லை.

ஒருநாள் நாத்தனார் வீட்டில் சாப்பிடும்போது கடிகாரம் திருவாய் மலர்ந்தார்.

"இவளுக்கு என்ன வேலை? நான் அடிக்கிறத சேவ் பண்ணுவா. அவ்வளவுதான்."

நாத்தனார் சிரித்தாள். எடிட்டரம்மாவும் சிரித்து வைத்தாள். மறுநாள் ஒரு சீரியலின் டைட்டில் பாட்டுக்கு அவர் அடித்ததில் ஒரு கட்டையைக்கூட அவள் தொடவில்லை.

இசையமைப்பாளர் கேட்டார். முகம் கோணியது.

"என்னம்மா இது, நாய் துரத்துற மாதிரி ஓடுது?"

"அவர் அடிச்சது அப்படியே இருக்கு சார்."

"கடிகாரமாவது தப்பா அடிக்கிறதாவது! கம்ப்யூட்டர்லதான் கோளாறு."

மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, செத்த கரப்பான்பூச்சி ஒன்றை வெளியே எடுத்து, "இவன்தான் சார் காரணம்" என்று தீர்ப்புச் சொன்னார். குற்றவாளியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடி ஓடவிட்டார்கள். நாய் இன்னும் துரத்தியது.

"மெஷினை நம்புனா இப்படித்தான்" என்றார் கடிகாரம், கையைக் கட்டிக்கொண்டு.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "இங்க வந்து பாருங்க."

திரையில் கட்டைகள் எல்லாம் கோட்டுக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு நின்றன.

"யாரு வாசிச்சது இது?" என்றார் கடிகாரம்.

"நீங்கதான். எப்பவும் இப்படித்தாங்க. நான்தான் இழுத்து வைப்பேன்."

இசையமைப்பாளருக்குத் திடீரென்று ஏசியை ஆராயும் ஆர்வம் வந்தது. மெக்கானிக் ஸ்குரூடிரைவரைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்தார். கடிகாரம் திரையை வெறித்துப் பார்த்துவிட்டு, "எவனோ கோட்டத் தள்ளிப் போட்டிருக்கான்" என்றார். விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

அவருக்கு ஒரு குட்டு வைக்கத்தான் அவள் நினைத்தாள். நாலு பேர் முன்னால் தோலை உரிக்க அல்ல. பின்னாலேயே ஓடினாள். அவர் டயர் அடுக்கின் பக்கத்தில் தலை குனிந்து நின்றார்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வாசிக்கிறதையே விட்டுருவீங்களோன்னு பயம்."

"அப்ப நான் அடிச்சது ஒண்ணுகூடத் தேறலையா?"

"வேகம்தான் கோளாறு. எந்த அடி அழுத்தமா விழணும், எது மெதுவா விழணும்னு உங்களுக்குத்தான் தெரியும். அதுல நான் கையே வச்சதில்ல."

அவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். பொய் சொல்கிறாளா என்று. அவள் சொன்னது நிஜம்.

அடுத்த வாரம் முதல் கடிகாரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல ஒவ்வொரு கட்டைக்கும் பேரம் நடந்தது.

"அதத் தொடாத. வேணும்னே முந்தி அடிச்சேன்."

"வேணும்னே அடிச்சவர் எதுக்கு அடிச்ச உடனே நாக்கக் கடிச்சீங்க?"

"சரி, பாதி தூரம் இழு."

அவள் பாதி தூரம் இழுத்தாள். கேட்டுப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதை மட்டும் அவள் அவரிடம் சொல்லவில்லை.